பூஞ்சை உடம்பு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். ஒரு மனிதர் டாக்டர் அறைக்குள் போகிறார். போகும்போது அவருக்கு இரண்டு காதும் ஒழுங்காகத்தான் இருந்தன. வெளியே பெஞ்சில் அவர் பெண்டாட்டி குடல் வாய்க்கு வருகிற மாதிரி இருமிக்கொண்டிருக்கிறாள். "இந்த இருமலோட உள்ள வராதீங்க, மத்தவங்களும் இருக்காங்கல்ல" என்று நர்ஸ் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ஆகவே அவள் நெஞ்சைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேட்டு வரவேண்டிய பொறுப்பு அந்த மனிதருடையது. அவர் கேட்டு வந்த லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் என் வீட்டுக்காரர். லிப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எந்தக் கதவு முனகுகிறது என்று கீழே நின்றே சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசுவது மட்டும் அந்தக் காதில் ஏறாது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பயப்பட ஒண்ணுமில்ல. நுரையீரல் பூஞ்சையா இருக்காம். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு."

டாக்டர் சொன்னது "நுரையீரல்ல பூஞ்சை இருக்கு" என்று. இவர் ஒரு 'ல'வை விழுங்கிவிட்டு, ஒரு 'யா'வைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அங்கே சொன்னது என் நெஞ்சுக்குள் பூசணம் குடியேறிவிட்டது என்று. இங்கே வந்து சேர்ந்தது என் நெஞ்சு சோப்ளாங்கி என்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துத் தொலைத்தவர் யாரோ, அவர் என் கையில் கிடைத்தால் அவருக்கும் இருக்கிறது. அந்த இரண்டு எழுத்தால் என் நெஞ்சு போனது போதாதென்று, என் தங்கச்சி நெஞ்சுக்கும் ஆபத்து வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

நான் மெத்தைக் கடையில் வேலை பார்த்தவள். முன்பக்கம் கண்ணாடி, பளிச்சென்று விளக்கு, உறை போட்டு அடுக்கிய தலையணைகள். பின்பக்கம் நாங்கள். பின்னறையில் பஞ்சு அடிக்கிற மிஷின் ஒன்று உண்டு. பழைய மெத்தையைப் பிரித்து, கட்டி தட்டிப்போன பஞ்சை அதன் வாயில் கொடுத்தால், உள்ளே பல் வைத்த உருளை சுழன்று உதிர்த்து அந்தப் பக்கம் தள்ளும். அதை அள்ளிப் புது உறைக்குள் திணிக்க வேண்டும். மிஷினுக்கு முன்னால் நான், தையலுக்கு ஒரு பெரியவர். அவருக்குக் காது மந்தம். அந்தச் சத்தத்தில் அது ஒரு வகையில் கொடுப்பினை.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிம்மா'. எதைச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு "சரிம்மா" என்பார். அதோடு சரி. ஜன்னலைத் திறக்கணும் என்றால் சரிம்மா. மூக்குக்குக் கட்ட நல்ல துணி வேணும் என்றால் சரிம்மா. மறுநாளும் ஜன்னல் சாத்தியபடிதான் இருக்கும், ஏனென்றால் திறந்தால் பஞ்சு முன்பக்கம் பறந்து கண்ணாடியில் ஒட்டுமாம். எதிர்த்துப் பேசுகிறவனோடு சண்டை போடலாம். தலையாட்டுகிறவனை என்ன செய்வது?

ஒரு பெருமழைக்குப் பின்னறையின் தகரக் கூரை ஒழுகி, அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் ஊறிப்போயின. "இதைத் தூக்கி எறிங்க" என்றேன். சரிம்மா என்றார். மொட்டைமாடியில் இரண்டு வெயில் காட்டி, நல்ல பஞ்சோடு கலந்து மிஷினில் விடச் சொல்லிவிட்டார். மூட்டையைப் பிரித்தால் சாம்பலும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மிஷினில் விட்டால் புகை மாதிரி கிளம்பும். அறை முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். அந்தப் புகைக்குள்தான் நான் நாள் முழுக்க நின்றேன். கொஞ்ச காலத்தில் இருமல் பிடித்தது, சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைத்து வளையல் முழங்கைவரை ஏறியது.

அப்புறம்தான் டாக்டர், அப்புறம்தான் அந்தத் திருவாய்மலர்ந்த செய்தி.

பூஞ்சை உடம்பு என்று ஆனதும் வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். முட்டை, பால், பேரீச்சம்பழம். எதிர்வீட்டம்மா ஒரு டப்பா சத்துமாவைக் கொண்டுவந்து நீட்டி, "நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்க" என்றாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிய என்னைப் பார்த்துச் சொல்கிறாள். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

டாக்டர் கொடுத்த கேப்சூலை இவர் சத்து மாத்திரை என்றே நம்பினார். அது வயிற்றைப் புரட்டியது. உடனே அக்கறை பொங்கி, மருந்துக்கடையில் நெஞ்செரிச்சலுக்கு விற்கிற ரோஸ் நிற டானிக்கை வாங்கி வந்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் முன்னால் இரண்டு ஸ்பூன் ஊற்றினார். ரொம்பப் புரட்டுகிற நாளில், "சத்து மாத்திரைதானே, ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். பார்த்துப் பார்த்துச் செய்தார். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னவரும் இவர்தான். சரிம்மா உச்சுக் கொட்டியிருக்கிறார். "பூஞ்சை உடம்பை வெச்சுக்கிட்டு அந்த மிஷின்ல நிக்க முடியாதுங்க. அவங்க ரெஸ்ட் எடுக்கட்டும். வீட்டுல வேற யாராவது இருந்தா அனுப்புங்க, இடத்தை நான் வெளியாளுக்குக் கொடுக்கல." பெரிய மனசு. அப்படித்தான் என் தங்கச்சி என் இடத்துக்குப் போனாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது இளையவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்பட்டு வரவில்லை, ஒரு பெட்டியோடு எங்களிடம் திரும்பி வந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து இழுப்பு. தூசி பட்டாலும் புகை பட்டாலும் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். பைக்குள் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். வீட்டில் பூஞ்சை என்று பெயர் வாங்கியவளே அவள்தான். "அது பூஞ்சை, அதால முடியாது, நீ தூக்கு" என்று சொல்லிச் சொல்லியே அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தாள். தண்ணீர்க் குடம் நான், துணி மூட்டை நான். அவள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்கு எத்தனை வயிற்றெரிச்சல் இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, முழு மூட்டையையும் நானே இழுத்துட்டேன். முதலாளி சொன்னாரு, பரவாயில்லையே, அக்காவைவிட நீ கெட்டின்னு."

நான் சத்துமாவுக் கஞ்சியை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கெட்டி, நான் பூஞ்சை.

தேறவில்லை. மோசமானேன். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது இருமல் வந்தது, வாஷ்பேசின் சிவப்பாகிவிட்டது. இவர் ஓடிவந்து பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, மூக்குக் கண்ணாடி, எதையும் சுற்றி வளைக்காத பேச்சு. ஸ்கேன், சளிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து என் கட்டிலுக்கே வந்தாள். கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பூஞ்சை உடம்புக்கு எதுக்கு டாக்டர் இவ்வளவு பெரிய ஊசி? நல்லாத்தான் சாப்பிடறேன்."

"உடம்பு பூஞ்சைன்னு யாரு சொன்னா?"

நான் இவரைக் காட்டினேன். இவர் கூரையைப் பார்த்தார்.

"அம்மா, உங்க உடம்பு பூஞ்சை இல்ல. உங்க நுரையீரலுக்குள்ள பூஞ்சை. பூசணம். ரொட்டியை மூடி வெச்சு மறந்துட்டா மேல பச்சையா பூக்குமே, அந்த ஜாதி. உங்களுக்குச் சின்ன வயசுல நெஞ்சுல சளி கட்டி ஆறின தழும்பு ஒண்ணு இருக்கு. அது ஒரு பொந்து மாதிரி. அதுக்குள்ள போய் உக்காந்து வளந்திருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். மழையைச் சொன்னேன், மூட்டையைச் சொன்னேன், மிஷினில் இருந்து கிளம்பும் புகையைச் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"தினமும் அள்ளி மூச்சுக்குள்ள போட்டிருக்கீங்க" என்றாள். பிறகு பழைய கேப்சூலை எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டாள். இவர் பெருமையாக டானிக் கதையைச் சொன்னார். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அந்த மருந்து உடம்புல சேரணும்னா வயித்துல புளிப்பு வேணும். நீங்க அதை அடக்கிட்டுக் கொடுத்திருக்கீங்க. கல்லை முழுங்கின மாதிரி அப்படியே போயிருக்கும்."

வந்தது பாருங்கள் கோபம். கையில் ஊசி மட்டும் இல்லையென்றால் எழுந்து நின்றிருப்பேன். "என்ன காதுய்யா உங்களுது? கம்பி கிறீச்சுன்னா கேக்குது, பூசணம்னு டாக்டர் சொன்னா கேக்க மாட்டேங்குதா?"

"அவரு பூசணம்னு சொல்லல. பூஞ்சைன்னுதான் சொன்னாரு" என்றார் இவர். கண் கலங்கியிருந்தது. "அடுத்த ஆளு உள்ள வந்து நின்னுட்டான். நான் எழுந்துட்டேன். திருப்பிக் கேக்கலாம்னு தோணுச்சு. கேட்டா முட்டாள்னு நெனைப்பாரோன்னு வந்துட்டேன்."

அந்த நேரத்தில்தான் அது உறைத்தது. நான் கட்டிலில் படுத்திருக்கிறேன். ஆனால் மிஷின் நிற்கவில்லை. அதன் முன்னால், ஜன்னல் சாத்திய அறையில், அதே பூசணப் புகைக்குள், என் தங்கச்சி நின்றுகொண்டிருக்கிறாள்.

"இழுப்பு உள்ளவ டாக்டர் அவ" என்றேன்.

"உடனே வெளிய கூட்டிட்டு வாங்க" என்றாள் டாக்டரம்மா. "தழும்பு இல்லாட்டியும் இழுப்பு உள்ளவங்களுக்கு இது வேற மாதிரி பிடிச்சுக்கும். பிடிச்சா லேசுல விடாது."

இவர் போனை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். தங்கச்சி எடுத்ததும், பின்னால் மிஷின் இரைச்சல்.

"வெளிய வா" என்றேன். "அந்தப் பஞ்சு... பூசணம்... எனக்கு அதுதான்..." அதற்குமேல் இருமல். தொடர்ந்து இருமல்.

"அக்கா, பேசாத. ரெஸ்ட் எடு. இங்க நான் பாத்துக்கறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

இவரை நேரில் அனுப்பினேன். போய் முதலாளியிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாராம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரிப்பா" என்றாராம். இவர் நிம்மதியாகத் திரும்பி வந்தார். தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது.

ஊசி முடிந்து மாத்திரைக்கு மாற்றினார்கள். ஆறு மாசத்துக்குக் குறையாது என்றாள் டாக்டரம்மா, நடுவில் ஒரு வேளைகூட விடக்கூடாது. இந்த மாத்திரை வேறு விதமான ரோதனை. போட்ட கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் கூசும், சுவர் ஓரத்தில் வெளிச்சம் நெளியும். வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியும். ஈரல் தாங்குகிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். இவர் இப்போது டாக்டர் அறைக்குள் என்னை முந்திக்கொண்டு போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்வார். "சாப்பாட்டுக்கு முன்னாலயா டாக்டர்? முன்னாலன்னா எவ்வளவு முன்னால? வெறும் வயிறுன்னா தண்ணி குடிக்கலாமா?" டாக்டரம்மாவே ஒருநாள், "சார், நீங்க பரீட்சை எழுதப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். வெளியே வந்து, அன்றைக்கு வராத காது இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். அவர் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறவிடவில்லை.

காய்ச்சல் நின்றது. பசித்தது. ஒரு வாக்கியத்தை இருமாமல் சொல்லி முடிக்க முடிந்தது. முடிந்ததும் நான் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் தங்கச்சிக்குத்தான்.

தினம் சாயங்காலம் ஒரே சண்டை. பஞ்சு ஒட்டிய துணியோடு அவள் உள்ளே வரக்கூடாது என்பேன். வெளிக்குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவாள். படியேறி வரும்போதே அவள் மூச்சில் விசில் கேட்கும். கைப்பைக்குள் முன்பு ஒரு இன்ஹேலர் இருந்தது, இப்போது இரண்டு.

"என் நெஞ்சைத் தின்னது அந்தப் பஞ்சு. உன் காதுல போட்டாச்சு, மாமா சொன்னாரு, டாக்டர் சொன்னாங்க. இன்னும் ஏண்டி போறே?"

"எனக்கு எப்பவும் உள்ள இழுப்புதான். புதுசா ஒண்ணுமில்ல."

"விசில் சத்தம் தெருவுக்குக் கேக்குது!"

"உனக்குப் பூஞ்சை உடம்பு, பிடிச்சுக்கிச்சு. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல."

"உடம்பு பூஞ்சை இல்லடி, உள்ள பூஞ்சை!"

"ஏதோ ஒண்ணு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பொறந்ததுலேருந்து அதால முடியாது, அதால முடியாதுன்னுதான் என் காதுல விழுந்திருக்கு. முதல் தடவையா ஒரு இடத்துல முடியும்னு சொல்றாங்க. நீ பொறுக்க மாட்டே. உன்னால முடியாததை நான் செய்யறேன்னு உனக்கு எரியுது."

எரிந்தது உண்மை. ஆனால் அதற்காக இல்லை. அவளைப் பிடித்துக் கட்டிப்போடத் தோன்றியது. வளர்ந்த பெண்ணை எதில் கட்டுவது? இவர், "நீ இன்னும் தேறல, வார்த்தையை விடாத" என்றார். இவர் பங்குக்கும் ஒரு பாட்டு விழுந்தது.

வெளியே நடக்கலாம் என்று டாக்டரம்மா அனுமதித்த வாரமே நான் கடைக்குக் கிளம்பினேன். பின்னறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே முகத்தில் இறுக்கமான மாஸ்க், வெயிலுக்குக் குடை, முழுக்கைச் சட்டை. முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அங்கே புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தலையணையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரிம்மா எழுந்தே வந்தார். "வாங்கம்மா, உடம்பு தேவலையா?"

"தங்கச்சியை அனுப்புங்க. இனிமே அவ வர மாட்டா. அந்தப் பஞ்சை இன்னிக்கே எறிஞ்சிடுங்க."

"சரிம்மா" என்றார், அதே சிரிப்போடு.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. கல்லாவில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தேன். அந்தப் பெண் கையிலிருந்த தலையணையை வாங்கி, தையலோடு ஒரே இழுப்பில் கிழித்து மேஜைமேல் கொட்டினேன். மேலே வெள்ளைப் பஞ்சு. உள்ளே சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக, கறுப்புப் புள்ளியோடு.

"மோந்து பாக்காதம்மா, தள்ளி நில்லு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இதைத்தான் தலைக்கு வெச்சுத் தூங்கப் போறே. இதை அடிச்சு அடிச்சுத்தான் என் நுரையீரல்ல பூசணம் பிடிச்சு ரத்தமா கக்கினேன். இவருகிட்ட எறியச் சொன்னேன். சரிம்மான்னாரு. காது குளிரக் கேட்டீங்கல்ல, இப்பவும் சரிம்மான்னாரு."

அந்த ஜோடி போன வேகத்தில் கண்ணாடிக் கதவு ஆடியது. வழியோடு போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். சரிம்மாவின் முகத்தில் சிரிப்பு முதல் தடவையாக அவிந்தது. சத்தம் கேட்டுத் தங்கச்சி பின்னறையிலிருந்து வந்தாள். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் பஞ்சு. மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்காவையும் கூட்டிக்கிட்டு நீயும் கிளம்பு" என்றார் முதலாளி அவளிடம். "நாளைலேருந்து இந்தப் பக்கம் வர வேண்டாம்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் திரும்பினாள். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள். "அதையும் நீயே கிழிச்சுப் போட்டே." அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது, அவள் வெளியே வந்துவிட்டாள். ஆனால் நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாதவள் நான் அசந்த நேரம் பார்த்து இன்னொரு மெத்தைக் கடைக்குப் போய் நிற்பாள். டாக்டரைப் பார்க்க வா என்றால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். விசில் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு ஊர் மாதிரி இருந்தோம். இவர் நடுவில் தட்டைக் கொண்டுபோய் வைப்பதும் எடுப்பதுமாகத் திரிந்தார்.

அடுத்த ஸ்கேன் நாளன்று இவருக்கு எங்கோ ஒரு லிப்ட் நடுமாடியில் ஆளோடு நின்றுவிட்டது. என்னைத் தனியே அனுப்ப மனசில்லாமல் தங்கச்சியிடம் கெஞ்சினார். எனக்காக இல்லை, மாமாவுக்காக வந்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நல்லா சுருங்கியிருக்கு. தப்பிச்சீங்க" என்றாள். எனக்குச் சந்தோஷப்பட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் ஒருத்தி விசில் அடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து உட்கார்ந்திருந்தால் எப்படிச் சந்தோஷப்படுவது? டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க மூச்சு எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. உங்களுக்கும் ஒரு படம் எடுக்கலாமா?" தங்கச்சி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்குச் சந்து வழியாகத்தான் போகவேண்டும். கடையின் பின்வாசல் அந்தச் சந்தில்தான். வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயது இருந்தால் அதிகம். முடியெல்லாம் பஞ்சு. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. எறியவே இல்லை. ஒரு மூட்டையைக்கூட எறியவில்லை. ஆளைத்தான் மாற்றியிருக்கிறான்.

"எந்திரிம்மா" என்றேன் கொஞ்சம் தள்ளி நின்றே. "அந்த ரூமுக்குள்ள போகாதே. அந்தப் பஞ்சு பூசணம் பிடிச்சது."

அவள் என் மாஸ்க்கையும் குடையையும் பார்த்துச் சிரித்துவிட்டாள். "நீங்கதானா அது? முதலாளி சொன்னாரு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு இருந்தாங்க, குடும்பத்துக்கே பூஞ்சை உடம்புன்னு. எனக்கு அப்படி ஒண்ணும் இல்லக்கா. நான் கெட்டி. அவரே சொன்னாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, முதுகுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"உன் கையைக் கொடு" என்றாள்.

அந்தப் பெண் புரியாமல் கையை நீட்டினாள். தங்கச்சி திரும்பி நின்று, அந்தக் கையை இழுத்துத் தன் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எடுக்காதே. அப்படியே வெச்சிரு. நான் மூச்சு விடறேன், பாரு."

விட்டாள். இழுத்தாள். மறுபடி விட்டாள். எனக்கு நாலு அடி தள்ளியே கேட்டது. கையில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அந்தப் பெண்ணின் முகத்தில் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

"முன்னாடி மழைக்குத்தான் வரும், போயிடும்" என்றாள் தங்கச்சி. நடுநடுவே நின்று நின்று சொன்னாள். "இப்ப போறதே இல்ல. படுத்தா வருது. படியேறினா வருது. என்கிட்டயும் சொன்னாரு, நீ கெட்டின்னு. அதைக் கேக்கணும்னே நான் தினமும் உள்ள போனேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைத் திட்டத்தான் நினைத்தேன். இதை என்னிடம் ஒரு நாளாவது சொன்னாயா, சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேனே என்று கத்த நினைத்தேன். கத்தவில்லை. இந்தத் தடவை என்னைத் தடுத்தது இருமல் இல்லை.

அந்தப் பெண் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். அதைத் தன் முந்தானையில் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் நின்றது.